எண்டோஸ்கோப்பி நார்மல் என்றால் குடலில் ஒன்றுமில்லை என்று அர்த்தமா? (வயது 6, ஆல்புமின் 1.9)

பிப்ரவரி 4, கேள்வி

அக்கா மகனுக்கு ஆறு வயது. எட்டு மாதமாகக் கால், முகம், வயிறு எல்லாம் வீங்கி வீங்கி வடிகிறது. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் 1.9, மிகவும் குறைவு. சிறுநீரில் புரதம் போகவில்லை, கல்லீரல் சரியாக இருக்கிறது, இதய எக்கோவும் சரி. போன வாரம் எண்டோஸ்கோப்பி செய்து பயாப்ஸி எடுத்தார்கள், அதுவும் நார்மல். குடலில் ஒன்றுமில்லை, பையனுக்குப் புரதச் சத்து போதவில்லை, நன்றாகச் சாப்பிட வையுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவன் நன்றாகத்தான் சாப்பிடுகிறான். பயாப்ஸியே நார்மல் என்ற பிறகு குடலைப் பற்றி யோசிப்பதை விட்டுவிடலாம்தானே?

பிப்ரவரி 4, இரவு

விட்டுவிடாதீர்கள் தம்பி. என் மகளுக்கும் முதல் பயாப்ஸி நார்மல்தான். இரண்டாவது பயாப்ஸியில் தெரிந்தது. நடுவில் பதினான்கு மாதம் போனது.

அவளுக்கு இருப்பது இன்டெஸ்டைனல் லிம்ஃபாஞ்ஜியெக்டேசியா. சிறுகுடலின் உள்சுவரில் விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நிணநீர்க் குழல் இருக்கிறது, பால்குழல் என்பார்கள். நாம் சாப்பிடும் கொழுப்பு அதன் வழியாகத்தான் உடலுக்குள் போகும். இந்த நோயில் அந்தக் குழல்கள் அகன்று, அழுத்தம் தாங்காமல் குடலுக்குள்ளேயே கசிகின்றன. நிணநீரில் இருக்கும் ஆல்புமின், இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரதங்கள், லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் எல்லாமே அதோடு சேர்ந்து வெளியே போய்விடும். ஆல்புமின் குறைந்தால் ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைக்க ஆளில்லை, அது திசுக்களில் இறங்கி வீக்கமாகிறது.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலை செய்யுங்கள். பையனின் பழைய ரத்த அணு அறிக்கைகளை எல்லாம் எடுத்து வையுங்கள். லிம்போசைட் எத்தனை சதவீதம், மொத்த வெள்ளணு எத்தனை என்று பாருங்கள். நாளை எழுதுகிறேன், மகளைத் தூங்க வைக்க வேண்டும்.

பிப்ரவரி 5

லிம்போசைட் விஷயத்தைச் சொல்கிறேன். எங்களுக்கு முதல் நாளிலிருந்தே விடை அங்கேதான் இருந்தது, யாரும் பார்க்கவில்லை. அறிக்கையில் 12 சதவீதம் என்று இருந்தது, மொத்த வெள்ளணு 6,000. பெருக்கிப் பார்த்தால் 720. நான்கு வயதுக் குழந்தைக்கு அது மிகவும் குறைவு. ஆனால் மொத்த வெள்ளணு நார்மல் என்பதால் எல்லோருடைய கண்ணும் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டது.

ஆல்புமின் குறைய வழிகள் அதிகமில்லை. கல்லீரல் செய்யாமல் இருக்கலாம், சிறுநீரகம் கசியலாம், குடல் கசியலாம், அல்லது உண்மையிலேயே சாப்பாடு போதாமல் இருக்கலாம். சிறுநீரகம் கசிந்தால் சிறுநீரில் புரதம் தெரியும், கொலஸ்ட்ரால் வழக்கமாக ஏறியிருக்கும். உங்கள் பையனுக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் தள்ளியாகிவிட்டது. மிஞ்சியிருப்பது குடலும் சாப்பாடும். சாப்பிடுகிற குழந்தைக்கு 1.9 ஏன் வரவேண்டும்? ஆல்புமினோடு ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதமும் லிம்போசைட்டும் சேர்ந்து குறைந்திருந்தால் நிணநீர்தான் எங்கோ ஒழுகுகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

எங்களிடமும் சாப்பாட்டைத்தான் சொன்னார்கள். ஒரு மருத்துவமனையில் மகளின் எதிரிலேயே, பிள்ளைக்கு ஒழுங்காகச் சாப்பாடு போடுகிறீர்களா என்று கேட்டார்கள். அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு வேளையும் தட்டைக் காலி செய்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டுவாள். எனக்கு இன்னும் அது ஆறவில்லை. உங்கள் அக்காவிடம், இது அவர் செய்த தவறில்லை என்று முதலில் சொல்லுங்கள்.

பிப்ரவரி 5, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். லிம்போசைட் குறைந்தால் நோய் நிச்சயம் என்று படித்துவிடாதீர்கள். வேறு பல காரணங்களாலும் குறையும், ஸ்டீராய்டு கொடுத்தாலே குறையும். பையனுக்கு ஸ்டீராய்டு ஏதாவது கொடுத்தார்களா? அது தெரிந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

பிப்ரவரி 7

ஸ்டீராய்டு கொடுக்கவில்லை, லிம்போசைட் 900, ஐஜிஜி இருக்க வேண்டியதில் பாதிக்கும் கீழே என்று எழுதியிருக்கிறீர்கள். பேதி இல்லையே, அப்படியானால் குடலில் எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் மகளுக்கும் பேதி பெரிதாக இல்லை, மாதத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் மலம் தளர்வாகப் போகும். வீக்கம்தான் முன்னால் வந்து நின்றது. சிலருக்கு வயிற்றில் அல்லது நெஞ்சில் நீர் சேர்வதுதான் முதல் அறிகுறி. அந்த நீரை ஊசியால் எடுத்துப் பார்த்தால் பால் போல் இருக்கலாம், அதில் கொழுப்பு அளவு எகிறியிருக்கலாம்.

வீக்கத்தையும் கவனியுங்கள். இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தால் அது ஆல்புமின் குறைவால் வருவது. ஒரு கால் மட்டும், அல்லது ஒரு கை மட்டும் தடித்து, அழுத்தினாலும் குழி விழாமல் இருந்தால் அந்த இடத்திலேயே நிணநீர்க் குழாய்கள் சரியாக உருவாகாமல் இருக்கலாம். என் மகளுக்கு இடது புறங்கால் எப்போதும் வலது காலை விடக் கொஞ்சம் பெரிது. செருப்பு வாங்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் டாக்டரிடம் சொல்லத் தோன்றவில்லை. நீங்கள் இன்றே பாருங்கள்.

அப்புறம் கால்சியம். அது குறைந்தால் விரல்கள் முறுக்கிக்கொள்ளும். ஒரு ராத்திரி மகளின் கை அப்படியே கொக்கி போல மடங்கிப் பிரியவில்லை, வலிப்பு என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பிப்ரவரி 10

மலத்தில் புரதம் போகிறதா என்று நேராகவே பார்த்துவிடலாமே என்ற கேள்விக்கு. நானும் அதையேதான் கேட்டேன். பார்க்க முடியாது. குடலுக்குள் கசிந்த ஆல்புமினைக் குடல் மற்ற புரதத்தைப் போலவே செரித்துத் துண்டாக்கி உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் மலத்தில் தடயமே இருக்காது. இந்த ஒரு காரணத்தால்தான் நோய் நெடுங்காலம் பிடிபடாமல் இருந்தது. காரணம் தெரியாத புரதக் குறைவு என்று பெயர் வைத்து, உடல் புரதத்தை அதிகமாக அழிக்கிறது போலும் என்று மருத்துவர்களே எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

1959-ல் கார்டன் என்ற மருத்துவர் செரிக்க முடியாத ஒரு செயற்கைப் பொருளில் கதிரியக்க அயோடினைச் சேர்த்து ரத்தக் குழாயில் ஏற்றி, அது மலத்தில் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. 1961-ல் அமெரிக்காவில் தாமஸ் வால்ட்மேனும் அவருடைய குழுவினரும் இப்படிப்பட்ட 18 நோயாளிகளை ஆராய்ந்து, கசிவு சிறுகுடலில் என்றும், அங்கே நிணநீர்க் குழல்கள் அகன்றிருக்கின்றன என்றும் எழுதினார்கள். வேறு நோயின் விளைவாக இல்லாமல் தானாகவே வரும் வகையை இன்றும் வால்ட்மேன் நோய் என்கிறார்கள்.

இப்போது கதிரியக்கம் வேண்டியதில்லை. ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்று ஒரு ரத்தப் புரதம் இருக்கிறது. செரிமான நொதிகளைத் தடுப்பதே அதன் தொழில், அதனால் குடலால் அதைச் செரிக்க முடியாது. சாப்பாட்டில் அது கிடையாது. மலத்தில் அது கூடுதலாக இருந்தால் ரத்தத்திலிருந்தோ நிணநீரிலிருந்தோ குடலுக்குள் வந்தது என்றுதான் பொருள். உங்கள் பையனுக்கு அடுத்துச் செய்ய வேண்டிய பரிசோதனை இதுதான். எண்டோஸ்கோப்பிக்கு முன்பே செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. கசிவு இருக்கிறதா என்று தெரிந்துகொண்டால், எங்கே என்று தேடுகிறவர் பொறுமையாகத் தேடுவார்.

பிப்ரவரி 11

ஒரு முறை மலம் கொடுத்தால் போதுமா? முதல் கட்டமாக அப்படியும் பார்க்கிறார்கள். ஆனால் 24 மணி நேர மலத்தையும் சேர்த்து வைத்து, அதே சமயம் ரத்தமும் எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுக் கணக்குப் போடுவதுதான் நம்பகமானது. நாளொன்றுக்கு 27 மில்லிலிட்டர் ரத்த நீரில் இருக்கும் அளவுக்கு மேல் அந்தப் புரதம் மலத்தில் வந்தால் கசிவு, பேதி இருக்கும்போது அந்த எல்லையை 56 வரை உயர்த்திக்கொள்கிறார்கள். குழந்தைக்கு உங்கள் ஆய்வகம் எந்த எல்லையை வைத்திருக்கிறது என்று கேளுங்கள். சிறுநீர் கலக்கக் கூடாது. குடலில் ரத்தக் கசிவு இருந்தாலும் அளவு கூடும், அதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்னொன்று, அந்தப் புரதம் இரைப்பையின் கடும் அமிலத்தில் சிதைந்துவிடும். கசிவு இரைப்பையில் இருந்தால் இந்தப் பரிசோதனை ஏமாற்றும். சிறுகுடல் கசிவுக்கு அந்தக் கவலை இல்லை.

பிப்ரவரி 11, மாலை

ஏழாம் தேதி எழுதிய கால்சியம் குறிப்பில் பாதிதான் சரி. ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தில் ஒரு பெரும் பங்கு ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆல்புமின் குறைந்தாலே மொத்தக் கால்சியம் குறைவாகத் தெரியும், ஆனால் வேலை செய்கிற அயனி கால்சியம் நன்றாகவே இருக்கலாம். ஆகவே மொத்தக் கால்சியத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அயனி கால்சியத்தை அளக்கச் சொல்லுங்கள். மகளுக்கு அதுவும் குறைந்திருந்தது, ஏனென்றால் கொழுப்போடு போகும் வைட்டமின் டி உறிஞ்சப்படவில்லை. மெக்னீசியமும் குறைவாக இருந்தது. விரல் முறுக்கினால் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

பிப்ரவரி 16

ஆல்ஃபா-1 அளவு எல்லையைப் போல நான்கு மடங்கு. சரி. இனி சாப்பாட்டைப் பற்றி உங்கள் அக்காவிடம் யாரும் பேச முடியாது.

இப்போது எண்டோஸ்கோப்பி. முதல் பயாப்ஸி ஏன் நார்மலாக வந்தது என்று கேட்டால், எங்கள் மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். யாரோ சொன்னார்கள் என்று மூன்று மாதமாக அவளுக்குக் கொழுப்பே இல்லாத சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தோம். அதற்கு மேல் எண்டோஸ்கோப்பிக்காக இரவெல்லாம் வெறும் வயிறு. பால்குழலில் கொழுப்பு ஏறினால்தான் அது பருத்து வெண்மையாகத் தெரியும். எங்கள் மகளின் குடலில் அன்று ஏறுவதற்கு ஒன்றுமே இல்லை. கூடவே, குழாயை முன்சிறுகுடலின் தொடக்கத்தோடு நிறுத்தி இரண்டே துண்டு எடுத்திருந்தார்கள். இந்த நோய் குடல் முழுக்க ஒரே சீராக இருக்காது, திட்டுத் திட்டாக இருக்கும். இரண்டு துண்டில் அது அகப்படாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

இதைப் படித்தபோது ஒரு பழைய கதை கண்ணில் பட்டது. 1622-ல் இத்தாலிய உடற்கூறியலாளர் காஸ்பாரே அசெல்லி ஒரு நாயின் வயிற்றைத் திறந்தார். குடலைச் சுற்றி வெள்ளை நூல்கள் போல ஏதோ தெரிந்தது. நரம்பு என்று நினைத்து ஒன்றைக் கீறினார், பால் போன்ற திரவம் வந்தது. இன்னொரு நாயைத் திறந்தார், ஒன்றும் தெரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது, முதல் நாய் சாப்பிட்டிருந்தது, இரண்டாவது நாய் சாப்பிடவில்லை. சாப்பிட்ட நாயில் மறுபடி பார்த்தார், தெரிந்தது. பால்குழலைக் கண்டுபிடித்தவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். நாயை நினைத்தால் மனம் வருந்துகிறது. ஆனாலும் நானூறு வருடத்துக்கு முன்பே அவர் கண்ட விஷயம் என் மகளின் விஷயத்தில் யாருக்கும் நினைவுக்கு வரவில்லையே என்று அன்று ராத்திரி வெகுநேரம் விழித்திருந்தேன்.

இரண்டாவது முறை, மயக்க மருந்து டாக்டர் அனுமதித்த நேரம் வரைக்கும் முந்தைய நாள் நிறையக் கொழுப்புள்ள உணவு கொடுத்தோம். எத்தனை மணிக்கு மேல் எதுவும் கொடுக்கக் கூடாது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக ஒரு வாய்கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள், மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. குழாயை இன்னும் ஆழமாகக் கொண்டுபோனார்கள். திரையில் நானே பார்த்தேன், சிவந்த சுவர் முழுக்கச் சுண்ணாம்புத் தூள் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். எட்டுத் துண்டு எடுத்தார்கள். குடலுறிஞ்சிகளின் நுனியில் குழல்கள் அகன்று கிடந்தன. அது நிணநீர்க் குழல்தானா, ரத்தக் குழலா என்று உறுதி செய்ய டி2-40 என்ற சாயச் சோதனையும் செய்தார்கள். பழைய இரண்டு துண்டுகளையும் மறுபடி பார்க்கச் சொல்லலாம், உங்கள் பையனுக்கும் அதைக் கேட்டுப் பாருங்கள், புதிதாக எடுக்காமலேயே விடை கிடைக்க வாய்ப்பு உண்டு.

பிப்ரவரி 17

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன், ஒரு பக்கமாகவே சொல்லிவிட்டேன். கொழுப்பு சாப்பிட்டுவிட்டு வந்தால் ஆரோக்கியமானவர்களுக்கும் முன்சிறுகுடலில் அங்கங்கே வெள்ளைப் புள்ளி தெரியலாம், பயாப்ஸியில் ஓரிரு குழல் அகன்றும் இருக்கலாம். அவர்களுக்கு ஆல்புமின் நன்றாக இருக்கும், எந்தக் கசிவும் இருக்காது. வேறு ஏதோ காரணத்துக்கு எண்டோஸ்கோப்பி செய்து, இந்த வார்த்தையை அறிக்கையில் பார்த்துவிட்டுப் பயந்து இங்கே வருகிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காகவும் சொல்கிறேன். திரையில் தெரிவது, பயாப்ஸி, கசிவுக் கணக்கு, ரத்த அறிக்கை நான்கும் ஒரே கதையைச் சொன்னால்தான் நோய் என்று முடிவு செய்ய வேண்டும்.

முன்சிறுகுடலில் கிடைக்காவிட்டால் இன்னும் கீழே பார்க்க வழி இருக்கிறது. மாத்திரை வடிவக் கேமராவை விழுங்கினால் சிறுகுடல் முழுவதையும் படமெடுக்கும், விழுங்கத் தெரியாத குழந்தைக்கு எண்டோஸ்கோப் வழியாகவே வைத்துவிடுவார்கள். அந்தக் கேமராவால் பயாப்ஸி எடுக்க முடியாது, குடலில் குறுகலான இடம் இருந்தால் அங்கே சிக்கிக்கொள்ளவும் செய்யும். துண்டு எடுக்க வேண்டுமானால் பலூன் வைத்த நீண்ட எண்டோஸ்கோப் இருக்கிறது.

பிப்ரவரி 20

எக்கோ நார்மல் என்று முதல் கேள்வியிலேயே எழுதியிருந்தீர்கள், நான் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு மேலே போய்விட்டேன். அது சரியில்லை.

நிணநீர் எல்லாம் கடைசியில் கழுத்தடியில் ஒரு பெரிய சிரையில் போய்ச் சேர வேண்டும். அந்தச் சிரையில் அழுத்தம் கூடினால் பின்னால் நிணநீர் தேங்கும், குடல் வரைக்கும் தேங்கும், குழல்கள் அகன்று கசியும். இதயத்தைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகிப்போகும் நோயில் இப்படித்தான் நடக்கிறது. பயாப்ஸியில் பார்த்தால் வால்ட்மேன் நோயைப் போலவேதான் இருக்கும். சாதாரண எக்கோவில் அந்த உறையின் தடிப்பு தெரியாமல் போகலாம். பையன் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது கழுத்துச் சிரை புடைத்துத் தெரிகிறதா, கல்லீரல் பெரிதாகியிருக்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் இறுக்கத்தைத் தேடி மறுபடி எக்கோ, தேவையானால் சி.டி அல்லது எம்.ஆர்.ஐ. இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால் அந்த உறையை அறுவை செய்து எடுத்துவிட்டால் குடல் கசிவும் பெரும்பாலும் நின்றுவிடும். குணப்படுத்தக்கூடிய ஒன்றை விட்டுவிட்டு வாழ்நாள் முழுக்க உணவுக் கட்டுப்பாட்டில் ஒரு பிள்ளையை வைத்திருக்கக் கூடாது.

அதே போல் வயிற்றுக்குள் நிணக்கணுக்களில் காசநோய், லிம்ஃபோமா, க்ரோன் நோய், லூபஸ் எதுவானாலும் நிணநீர் வழியை அடைக்கலாம். வயிற்று ஸ்கேனில் நிணக்கணுக்கள் எப்படி இருக்கின்றன என்று தனியாகக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பையனின் உடலிலிருந்து எதிர்ப்புப் புரதங்களும் லிம்போசைட்டுகளும் ஒழுகிப் போகின்றன. அவற்றை நம்பிச் செய்யும் பரிசோதனைகள் பொய்யாக நெகட்டிவ் வரும். கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கும் சீலியாக் நோய்க்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் ஐஜிஏ வகை எதிர்ப்புப் புரதத்தை வைத்துத்தான், மொத்த ஐஜிஏவே குறைவாக இருந்தால் அந்த நெகட்டிவுக்கு மதிப்பில்லை. காசநோய்க்கான தோல் ஊசியும் அப்படியே. மகளுக்கு இரண்டுமே நெகட்டிவ் என்று எழுதிக் கோப்பை மூடியிருந்தார்கள். உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசி எதுவும் பாக்கி இருந்தால், போடுவதற்கு முன் டாக்டரிடம் இந்த எண்களைக் காட்டுங்கள்.

பிப்ரவரி 28

பையனின் பெற்றோர் நெருங்கிய ரத்த உறவு என்று இப்போதுதான் சொல்கிறீர்கள். கைக்குழந்தையாக இருந்தபோதே வயிற்று வலியும் பேதியும் இருந்தது என்றும். அப்படியானால் சிடி55 குறைபாட்டைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். 2017-ல் விவரிக்கப்பட்ட பரம்பரை நோய் அது, சாப்பிள் நோய் என்கிறார்கள். சிடி55 என்ற புரதம் செல்களின் மேல் இல்லாமல், உடலின் காம்ப்ளிமென்ட் எனும் தற்காப்பு அமைப்பு சொந்தத் திசுவையே தாக்கும், அதனாலும் குடலில் புரதம் கசியும், பால்குழல்கள் அகலும், ரத்தம் உறைந்து அடைக்கும் ஆபத்தும் உண்டு. ரத்த அணுக்களை வைத்தே பார்க்கலாம். இதை வால்ட்மேன் நோயிலிருந்து பிரித்தறிவது மிக முக்கியம், ஏனென்றால் இதற்குத் தனியாக மருந்து இருக்கிறது, பொசெலிமாப் என்று, 2023 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மார்ச் 9

சிடி55 சரியாக இருக்கிறது, இதய உறையும் சரி, இரண்டாவது எண்டோஸ்கோப்பியில் வெள்ளைப் புள்ளிகள். படித்ததும் கண் கலங்கிவிட்டது. வருத்தமா, நிம்மதியா என்று எனக்கே தெரியவில்லை, எங்களுக்கு முடிவு வந்த அன்றும் இப்படித்தான் இருந்தது.

ஆல்புமின் ஏற்றுவதைப் பற்றி உங்கள் அக்காவிடம் தனியாக எழுதியபோது வீண் என்று சொல்லியிருந்தேன். அதை மாற்றிக்கொள்கிறேன். ஏற்றியது சில நாட்களில் ஒழுகிப்போகும் என்பது உண்மை, அது சிகிச்சை ஆகாது. ஆனால் நெஞ்சில் நீர் சேர்ந்து மூச்சு வாங்கும்போது மகளைக் காப்பாற்றியது அதுதான்.

மார்ச் 21

பயாப்ஸி உறுதியாகிவிட்டது என்று பார்த்தேன். உணவு முறையைத் தொடங்கும் முன் இதைப் படியுங்கள். சாதாரண எண்ணெயிலும் நெய்யிலும் இருப்பது நீண்ட சங்கிலிக் கொழுப்பு, அது பால்குழல் வழியாகத்தான் போகும், போகும்போதெல்லாம் அழுத்தம் கூடிக் கசியும். எம்.சி.டி எனப்படும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு பெரும்பாலும் நேராக ரத்தத்துக்குப் போய்விடும். அதனால் முதலாவதைக் கடுமையாகக் குறைத்து இரண்டாவதைக் கொடுத்து, புரதத்தைக் கூட்டுவார்கள். முதல் நாளே முழு அளவில் எம்.சி.டி கொடுக்காதீர்கள், வயிறு வலித்துப் பேதியாகும், பையன் அப்புறம் அதைத் தொடவே மாட்டான். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். உடலால் செய்துகொள்ள முடியாத சில கொழுப்பு அமிலங்கள் சிறிதளவு வேண்டும், ஏ, டி, இ, கே வைட்டமின்களும் வேண்டும், அந்தக் கணக்கை உணவியல் நிபுணர் போட்டுத் தரட்டும்.

மகளுக்கு மூன்று மாதத்தில் ஆல்புமின் 1.8-லிருந்து 2.9-க்கு வந்தது. லிம்போசைட் இன்னும் ஆயிரத்தைத் தாண்டவில்லை, அது ஏறவில்லையே என்று கட்டுப்பாட்டை விட்டுவிட வேண்டாம், பலருக்கு அது ஏறுவதில்லை. உணவு மட்டும் போதாமல் போனால் ஆக்ட்ரியோடைட் போன்ற மருந்துகளை முயன்று பார்க்கிறார்கள், எங்களுக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை.

தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பாருங்கள், நோட்டில் குறித்து வையுங்கள். இரண்டு நாளில் திடீரென்று ஒரு கிலோ கூடினால் அது சதை இல்லை, நீர். அன்றே டாக்டரை அழையுங்கள். முதல் மாத எண்களை இங்கே போடுங்கள், காத்திருக்கிறேன்.